1982இல் தோற்ற கொல்கத்தா டிஸ்கோ இன்று உலக ஹிட்: பாட்டு திரும்பி வந்துவிட்டது, காசு வருமா?

யூடியூபில் ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது தானாகவே தொடங்குகிறதே, அப்படி ஒரு நாள் உங்கள் காதிலும் இது விழுந்திருக்கலாம். வங்காள மொழியில் ஒரு பெண் குரல். அடியில் பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் விடாமல் உருள்கின்றன. நடுவில் எங்கிருந்தோ ஒரு சரோட் வந்து சேர்ந்துகொள்கிறது. மொழி புரியாது, ஆனால் கால் தாளம் போட ஆரம்பித்துவிடும். பாட்டின் பெயர் 'ஆஜ் ஷோனிபார்'. தமிழில் சொன்னால், 'இன்று சனிக்கிழமை'.

பாடியவர் கொல்கத்தாவைச் சேர்ந்த ரூபா பிஸ்வாஸ். ஆல்பத்தின் பெயர் 'டிஸ்கோ ஜாஸ்'. வந்த வருடம் 1982. அப்போது யாரும் வாங்கவில்லை. 2019இல் அமெரிக்காவின் சிகாகோவில் இயங்கும் நியூமெரோ குரூப் என்ற லேபிள் அதை மறுபடி வெளியிட்டது. இடைப்பட்ட 37 வருடங்களில் அந்தப் பாட்டும் மாறவில்லை, ஒரு சுரமும் கூடவில்லை. மாறியது கேட்பவர்கள்தான்.

மூத்த இசைக் கலைஞர்கள் பற்றி இப்படி ஒரு செய்தி வந்தால் நாம் வழக்கமாக என்ன செய்வோம்? "அடடா, மறக்கப்பட்ட மேதை" என்று ஷேர் செய்துவிட்டு நகர்ந்துவிடுவோம். ஆனால் உள்ளே இன்னொரு கதை இருக்கிறது. எழுபது வயதைத் தாண்டிய ஒரு ஃபங்க், சோல் கலைஞர் இந்தியாவில் இன்றைக்கு ஒரு புது சோலோ ஆல்பம் போட வேண்டும் என்றால் அதற்கான காசு எங்கிருந்து வரும்? பழைய ரெக்கார்டு திடீரென்று ஓடினால் அதில் அவருக்குப் பங்கு உண்டா? கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டு வேலை செய்யும் எல்லோருக்கும், அதாவது உங்களுக்கும், இதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது.

யார் இந்த ரூபா?

1981இல் கனடாவின் கால்கரி நகரத்தில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போனார் ரூபா. கஜல், கீத் என்று மெல்லிசை பாடிப் பழகியவர். அங்கே பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு கச்சேரியில் பாடினார். அதைத் தொடர்ந்து சரோட் கலைஞர் ஆசிஷ் கானுடன் சேர்ந்து ஆல்பம் போடும் யோசனை உருவானது.

ஆசிஷ் கான் சாதாரண ஆள் இல்லை. உஸ்தாத் அலி அக்பர் கானின் மகன், அலாவுதீன் கானின் பேரன். பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1968இல் வெளியிட்ட 'வொண்டர்வால் மியூசிக்' ஆல்பத்தில் சரோட் வாசித்தவர். 2024 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் காலமானார். அவருடைய தம்பி பிராணேஷ் கான் தபலா வாசிக்க, கால்கரியைச் சேர்ந்த கிட்டார் கலைஞர் டான் போப் முதலானவர்கள் மேற்கத்திய பக்கத்தைப் பார்த்துக்கொண்டார்கள். மொத்தம் நான்கே பாடல்கள்.

அந்த நேரம் நல்ல நேரம் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். 1980இல் 'குர்பானி' படத்தில் நாசியா ஹசன் பாடிய 'ஆப் ஜைசா கோயி' நாட்டையே ஆட்டியிருந்தது. 1981இல் அவருடைய 'டிஸ்கோ தீவானே' வந்தது. இரண்டுக்கும் பின்னால் இருந்தவர் பெங்களூரில் வளர்ந்த பித்து. 1982இல் 'டிஸ்கோ டான்ஸர்'. டிஸ்கோ என்று அட்டையில் எழுதியிருந்தாலே போதும் என்ற காலம். அப்படியிருந்தும் கொல்கத்தாவின் பழம்பெரும் மெகாஃபோன் நிறுவனம் வெளியிட்ட இந்த ரெக்கார்டு கடையிலேயே தங்கிவிட்டது.

ஏன்? என் கணிப்பு இது. நாசியா ஹசனின் பாட்டுக்குப் பின்னால் முதலில் ஒரு சினிமா இருந்தது. ரூபாவின் பாட்டுக்குப் பின்னால் சினிமாவும் இல்லை, நடிகரும் இல்லை. வாசித்தவர்களில் பலர் கனடாக்காரர்கள். இதை எந்த ரேடியோ நிகழ்ச்சியில் போடுவது, கடையில் எந்த அலமாரியில் வைப்பது? நம் நாட்டில் சினிமாவுக்கு வெளியே இசை விற்பது இன்றும் கஷ்டம். இளையராஜாவே 1986இல் 'ஹவ் டு நேம் இட்', 1988இல் 'நத்திங் பட் விண்ட்' என்று சினிமா சாராத ஆல்பங்கள் போட்டார். நீங்கள் வேலை செய்யும்போது ஹெட்ஃபோனில் அவற்றை ஓடவிடுபவராகக்கூட இருக்கலாம். ஆனால் அவருடைய ஒரு சினிமாப் பாட்டு போன தூரத்தில் பாதிகூட அவை போகவில்லை.

சரி, ஃபங்க் என்றால் என்ன என்று ஒரு வார்த்தை. ஜேம்ஸ் பிரவுன் தன் வாத்தியக்காரர்களிடம் வற்புறுத்தியது ஒன்றே ஒன்றுதான்: தாளத்தின் முதல் அடியில் எல்லோரும் சேர்ந்து அழுத்தமாக விழ வேண்டும், அதற்குப் பிறகு அவரவர் வழியில் விளையாடலாம். தாளம் போட்டுப் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. எங்கே சுற்றினாலும் சமத்துக்கு வந்து சேர வேண்டும் என்பது நமக்கும் தெரிந்த கணக்குதான். 'டிஸ்கோ ஜாஸ்' இன்று கேட்டாலும் ஒட்டுப்போட்ட மாதிரி இல்லாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பேன்.

பார்க் ஸ்ட்ரீட்டில் ஒரு தமிழ்ப் பெண்

ரூபா வானத்திலிருந்து குதித்துவிடவில்லை. அவர் வளர்ந்த ஊரில் மேற்கத்திய இசைக்கு ஒரு தெருவே இருந்தது. பார்க் ஸ்ட்ரீட். டிரிங்காஸ், மொகாம்போ, புளூ ஃபாக்ஸ் என்று உணவகத்துக்கு ஒரு இசைக்குழு. பாம் கிரெய்ன் பாடினார். டார்ஜிலிங்கில் பிறந்த லூயிஸ் பேங்க்ஸ் புளூ ஃபாக்ஸில் பியானோ வாசித்தார். ஆர்.டி. பர்மன் அவரைக் கேட்டு பம்பாய்க்கு அழைத்துப் போனார். தூர்தர்ஷனில் வந்த 'மிலே சுர் மேரா தும்ஹாரா' ஞாபகம் இருக்கிறதா? 1988இல் அதன் இசை ஏற்பாட்டில் கைகொடுத்தவர் இதே லூயிஸ் பேங்க்ஸ்தான்.

இந்தத் தெருவின் மிகப் பிரபலமான குரல் ஒரு தமிழ்க் குடும்பத்திலிருந்து வந்தது. உஷா உதுப். 1947இல் பம்பாயில் பிறந்தவர். முதன்முதலில் பாடியது எங்கே தெரியுமா? நம்ம மவுண்ட் ரோடு. சஃபையர் தியேட்டர் வளாகத்தில் இருந்த 'நைன் ஜெம்ஸ்' கிளப்பில். இரவு விடுதிப் பாடகி என்றால் கவுன் போட்டிருப்பார் என்று எல்லோரும் நினைத்த காலத்தில் பட்டுப்புடவையும் பெரிய பொட்டுமாக ஏறி நின்றார். 1969இல் கொல்கத்தாவின் டிரிங்காஸுக்குப் போனார். அந்த ஊரே அவர் ஊராகிவிட்டது. நாம் அவரை 'அஞ்சலி' படத்தின் 'வேகம் வேகம்' பாட்டோடும், 'மன்மதன் அம்பு' படத்தில் நடித்ததோடும் நினைவில் வைத்திருக்கிறோம். 2024இல் அவருக்குப் பத்ம பூஷண் கிடைத்தது. அதே வருடம் டிரிங்காஸில் அவர் மைலி சைரஸின் 'ஃபிளவர்ஸ்' பாடிய வீடியோ வைரலானது, நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இங்கே ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1983இல் மேற்கு வங்க இடது முன்னணி அரசின் பொதுப்பணித் துறை அமைச்சர் ஜதின் சக்ரவர்த்தி, உஷா உதுப் பாடுவது 'அபசம்ஸ்கிருதி', அதாவது சீரழிவுக் கலாச்சாரம் என்று சொல்லி, அரசு அரங்குகளில் அவர் பாடத் தடை போட்டார். உஷா கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனார், ஜெயித்தார்.

இதைச் சும்மா வேடிக்கையான பழைய கதையாகக் கடந்துவிட முடியாது. 'டிஸ்கோ ஜாஸ்' வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ரவீந்திர சங்கீதம், நஸ்ருல் கீதி, மக்கள் பாடல் ஆகியவை பண்பாடு, பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் சீரழிவு என்று அரசாங்கமே கோடு கிழித்த ஊரில் வங்காள டிஸ்கோவை யார் மேடையேற்றியிருப்பார்கள்? போதாக்குறைக்கு, உணவகங்களில் நேரடி இசைக்கு கேளிக்கை வரி, எழுபதுகளின் அரசியல் கொந்தளிப்பு, ஓயாத மின்வெட்டு. பார்க் ஸ்ட்ரீட்டில் ஒவ்வொரு இசைக்குழுவாகக் கலைந்தது. அங்கே வாசித்தவர்களுக்கு அது மாதச் சம்பளம் மாதிரியான வேலை. அந்தச் சம்பளம் போன பிறகு சிலர் பம்பாய் போனார்கள், சிலர் வெளிநாடு போனார்கள், சிலர் கிட்டார் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள்.

கண்டுபிடிப்பு என்ற வார்த்தையில் ஒரு சிக்கல்

ரூபா ஊருக்குத் திரும்பினார், குடும்பம், மகன் என்று வாழ்க்கை நகர்ந்தது. பல வருடங்கள் கழித்து மகன் இணையத்தில் தேடியபோதுதான் விஷயம் தெரியவந்தது: அம்மாவின் ரெக்கார்டை உலகம் முழுக்க ஆட்கள் துரத்திக்கொண்டிருக்கிறார்கள், பழைய பிரதி ஒன்று நூற்றுக்கணக்கான டாலருக்குப் போகிறது, யூடியூபில் யாரோ ஏற்றிய பாட்டை லட்சக்கணக்கானோர் கேட்டிருக்கிறார்கள்.

இங்கே கவனியுங்கள். பழைய எல்பி ரெக்கார்டு எத்தனை டாலருக்கு விற்றாலும் அதில் பாடியவருக்கு ஒரு பைசா வராது. அது பழைய புத்தகக் கடை மாதிரி. புத்தகத்தின் விலை ஏறலாம், எழுதியவருக்கு அதில் எதுவும் கிடையாது. யாரோ ஒருவர் தன் கணக்கில் ஏற்றிய யூடியூப் வீடியோவிலும் அப்படித்தான். உரிமை உள்ளவர் வந்து கேட்டு, கணக்கை மாற்றினால் ஒழியப் பணம் நகராது. அதனால்தான் முறையான மறுவெளியீடு முக்கியம். உரிமம் வாங்கி, பெயர்களைச் சரியாகப் போட்டு, புதிதாக அச்சடித்து விற்கும்போதுதான் ராயல்டி என்ற பேச்சே தொடங்குகிறது.

இதேபோல இன்னொரு கதை, அதுவும் 1982தான். பம்பாயின் சினிமா இசைக்குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங் 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்று ஒரு ஆல்பம் போட்டார். அதுவும் விற்கவில்லை. 2010இல் ஒரு ஐரோப்பிய லேபிள் மறுபடி வெளியிட்டதும், ஆசிட் ஹவுஸ் இசை பிறப்பதற்கு முன்பே அந்தச் சத்தத்தை ஒரு இந்தியர் போட்டிருக்கிறார் என்று மேற்கே எல்லோரும் வியந்தார்கள். சரண்ஜித் சிங் எழுபது வயதில் ஐரோப்பிய மேடைகளில் ஏறி வாசித்தார். 2015இல் இறந்தார். அவருக்காவது சில வருடம் கிடைத்தது.

கொல்கத்தாவிலேயே இதற்கு நேரெதிரான கதையும் இருக்கிறது. 1975இல் தொடங்கிய 'மொஹீனேர் கோராகுலி' குழுவை வங்காள ராக் இசையின் தொடக்கம் என்கிறார்கள். 1977இலிருந்து 1979 வரை மூன்று ரெக்கார்டுகள். ஒன்றும் ஓடவில்லை, குழு கலைந்தது. 1995இல் கொல்கத்தா புத்தகக் கண்காட்சியில் பழைய பாட்டும் புதுப் பாட்டுமாக ஒரு கேசட் வந்தது. அடுத்த தலைமுறை அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. அதில் இருந்த 'பிரிதிபி' பாட்டின் மெட்டுதான் 2006இல் 'கேங்ஸ்டர்' இந்திப் படத்தில் 'பீகி பீகி' ஆனது. இவ்வளவு புகழ். 2023இல் அந்தக் குழுவின் நிறுவன உறுப்பினர்களில் ஒருவரான தாபஸ் தாஸ் என்ற பாபிக்கு நுரையீரல் புற்றுநோய். சிகிச்சைச் செலவுக்காக இளைய இசைக்குழுக்கள் நிதி திரட்டும் கச்சேரிகள் நடத்தின. ஜூன் மாதம் அவர் இறந்துபோனார்.

ஒரு தலைமுறைக்கே பாட்டு கொடுத்த குழுவின் ஆளுக்கு மருத்துவமனை பில் கட்ட உண்டியல் குலுக்க வேண்டியிருந்தது. கச்சேரி நடத்திய இளைஞர்களைப் பாராட்ட வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் ராயல்டி ஒழுங்காக வரும் ஊரில் இப்படி ஒரு கச்சேரிக்கான தேவை குறைவாகவே இருந்திருக்கும்.

ஒரு பாட்டுக்கு எத்தனை முதலாளி?

இங்கேதான் பலருக்கும் குழப்பம். "பாட்டு இளையராஜாவுடையதா, கம்பெனியுடையதா?" என்று வாட்ஸ்அப் குழுவில் சண்டை போட்டிருப்பீர்கள். 2017இல் எஸ்.பி.பி.க்கு நோட்டீஸ் போனபோது, 2024இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்துக்கு 'குணா' பாட்டுக்காக நோட்டீஸ் போனபோது, 2025இல் 'குட் பேட் அக்லி' படத்தில் அவர் பாடல்களைப் பயன்படுத்தச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டபோது என்று மூன்று ரவுண்டு போயிருக்கும்.

சட்டப்படி ஒரு பாட்டு ஒரு பொருள் இல்லை. மெட்டு ஒரு சொத்து. வரிகள் இன்னொரு சொத்து. ஸ்டுடியோவில் பதிவான ஒலி மூன்றாவது சொத்து. இவற்றுக்கு மேல், பாடியவருக்கும் வாசித்தவருக்கும் 'நிகழ்த்துநர் உரிமை' என்று தனியாக ஒன்று. ஒலிப்பதிவைப் பொறுத்தவரை, சட்டத்தின் பார்வையில் அதன் 'ஆசிரியர்' பாடகர் இல்லை, காசு போட்ட தயாரிப்பாளர். அந்த உரிமை வெளியான அடுத்த வருடத்திலிருந்து 60 வருடம். 1982இல் வெளியான ஒரு ஒலிப்பதிவுக்கு 2042 முடியும் வரை ஒரு முதலாளி இருப்பார்.

நிகழ்த்துநர் உரிமை இந்தியச் சட்டத்தில் நுழைந்ததே 1994 திருத்தத்தில்தான். அமலுக்கு வந்தது 1995இல். அதற்கு முன் ஸ்டுடியோவுக்குப் போய்ப் பாடிவிட்டு வந்த பாடகர், கிட்டார் வாசித்துவிட்டு வந்த கலைஞர், யாருக்கும் பெயர் சொல்லும்படி ஒரு உரிமை கிடையாது. கால்ஷீட் கணக்கில் கூலி, கையெழுத்து, பஸ் பிடித்து வீடு. பார்க் ஸ்ட்ரீட் தலைமுறை முழுக்க அந்தக் காலத்தில் வாழ்ந்தது. நம்ம கோடம்பாக்கம் தலைமுறையும்தான்.

2012 திருத்தம் பெரிய மாற்றம். மாநிலங்களவையில் ஜாவேத் அக்தர் இதற்காக வாதாடியதைப் பெரியவர்கள் நினைவு வைத்திருப்பார்கள். இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் தங்கள் ராயல்டி பங்கை எழுதிக்கொடுக்கவே முடியாது என்று ஆக்கியது. எழுதிக்கொடுத்தாலும் செல்லாது. பாடகர்களுக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உண்டு என்றது. அதை வசூலிக்கப் பாடகர்கள் அமைத்த சங்கம் 2013இல் பதிவானது. இப்போது வாத்தியக் கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டு 'இசாம்ரா' என்ற பெயரில் இயங்குகிறது. இசையமைப்பாளர், பாடலாசிரியர்களுக்கு 1969இலிருந்தே ஐ.பி.ஆர்.எஸ். இருக்கிறது.

ஆனால் அதே சட்டத்துக்குள் ஒரு சின்ன வரி இருக்கிறது, அதைப் படித்தால் கோபம் வரும். ஒரு திரைப்படத்தில் ஒருவருடைய பங்களிப்பு தற்செயலானதாக இருந்து, தொழில் வழக்கப்படி டைட்டில் கார்டில் உட்பட எங்கேயும் அவர் பெயர் போடப்படவில்லை என்றால், ராயல்டி விஷயத்தில் அவர் 'நிகழ்த்துநர்' ஆகவே கருதப்பட மாட்டார். அதாவது பெயர் போடுவது வெறும் மரியாதை இல்லை, காசுக்கான கதவே அதுதான். பழைய தமிழ்ப் படங்களில் எத்தனை பேஸ் கிட்டார் கலைஞர்களின் பெயரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்?

பிளாக் ஐட் பீஸ் குழு 2003இல் 'எலிஃபங்க்' ஆல்பத்தில் எடுத்தாண்டது 'ஸ்ரீ ராகவேந்திரா' படப் பாட்டு ஒன்றை. மாயா அருள்பிரகாசம் என்ற எம்.ஐ.ஏ. 2007இல் 'காலா' ஆல்பத்தில் எடுத்தது 'தளபதி'யின் 'காட்டுக்குயிலு'. இரண்டிலும் நாம் இளையராஜாவின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம், சரிதான். அன்றைக்கு அந்த டிரம்ஸை அடித்தவர் யார் என்று கேட்பதில்லை.

இது நம் ஊர் நோய் மட்டும் இல்லை. ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் சில நொடி வரும் டிரம்ஸ் துண்டை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஹிப்ஹாப் பாட்டுகள் வெட்டி ஒட்டியிருக்கின்றன. அதை வாசித்தவர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு. மெட்டமைத்தவர் பட்டியலில் அவர் பெயர் இல்லாததால் அந்த ராயல்டி அவருக்குப் போகவில்லை. அவருடைய மருத்துவச் செலவைப் பாடகர் பிரின்ஸ் சத்தமில்லாமல் கட்டினார் என்பது பிரின்ஸ் இறந்த பிறகு தெரியவந்தது. ஸ்டபிள்ஃபீல்டு 2017இல் போய்ச் சேர்ந்தார். கொல்கத்தாவின் பாபியும் விஸ்கான்சினின் ஸ்டபிள்ஃபீல்டும் ஒரே வரிசையில்தான் நின்றார்கள்.

ஒரு விஷயத்தில் அமெரிக்கா நம்மைவிடப் பரவாயில்லை. 1978க்குப் பிறகு உரிமையை எழுதிக்கொடுத்த கலைஞர், 35 வருடம் கழித்து நோட்டீஸ் கொடுத்து அதைத் திரும்பப் பெற வழி இருக்கிறது. இளமையில் பசியோடு போட்ட கையெழுத்துக்கு இரண்டாவது வாய்ப்பு. நம் சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை. 2012இல் இவ்வளவு செய்தவர்கள் இதையும் செய்திருக்கலாம்.

அப்போ இன்று ஒரு புது ஆல்பம் போட்டால்?

பதிவு செய்வது இன்று மலிவு. ஒரு லேப்டாப், நல்ல மைக், அமைதியான அறை. உஷா உதுப் மாதிரி கொல்கத்தாவில் சொந்த ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கவலையே இல்லை. ஆல்பத்தை உலகத்தின் எல்லா ஆப்களுக்கும் அனுப்ப லேபிள்கூட வேண்டாம், சின்னக் கட்டணத்தில் அனுப்பித்தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. பிரச்சினை அதற்குப் பிறகு.

நீங்கள் மாதச் சந்தா கட்டுகிறீர்கள். அந்த மாதம் முழுக்க ரூபாவின் பாட்டை மட்டுமே கேட்கிறீர்கள் என்று வையுங்கள். உங்கள் காசு ரூபாவுக்குப் போகும் என்றுதான் நினைப்பீர்கள். போகாது. பெரும்பாலான ஆப்களில் எல்லோர் சந்தாவும் விளம்பரப் பணமும் ஒரே பானையில் விழும். மொத்தக் கேட்புகளில் யாருக்கு எத்தனை சதவீதமோ அந்த விகிதத்தில் பிரியும். பானையில் பெரிய பங்கு சினிமாப் பாட்டு வைத்திருக்கும் பெரிய கம்பெனிகளுக்கு. ஸ்பாட்டிஃபை 2024இலிருந்து இன்னொரு விதியும் வைத்திருக்கிறது: 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்குப் பங்கே இல்லை. மூத்த கலைஞரின் புது ஆல்பத்தில் எட்டுப் பாட்டு இருந்தால், ஒன்றிரண்டு தாண்டும், மற்றவை பூஜ்யம்.

இந்தியாவில் இன்னொரு சிக்கல், நம்மில் பலர் காசு கொடுத்துப் பாட்டுக் கேட்பதே இல்லை. 2022இல் கானா ஆப் இலவசத்தை நிறுத்திச் சந்தாவுக்கு மாறியது. 2024இல் ரெசோவும் விங்க்கும் கடையை மூடின. ஆப்களே தாக்குப்பிடிக்க முடியாத இடத்தில் கொல்கத்தாவின் எழுபது வயதுப் பாடகர் அதை நம்பி எப்படி வாழ்வார்?

பழைய பாட்டு வைத்திருப்பவர்கள் மட்டும் நன்றாக இருக்கிறார்கள். கொல்கத்தா டம்டம் பகுதியில் ரெக்கார்டு அச்சடித்த கிராமபோன் கம்பெனிதான் இன்றைய சரிகமா. 2017இல் அவர்கள் விட்ட கார்வான் ரேடியோவை உங்கள் அப்பா அம்மாவுக்கு நீங்களே வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். உள்ளே 5,000 பழைய பாட்டு. புதிதாக ஒரு பாட்டும் போடாமல் பழைய பெட்டியைத் திறந்து செய்த வியாபாரம் அது. இசைத் தொழிலில் இன்று பணம் புதுப் பாட்டில் இருப்பதைவிடப் பழைய உரிமைப் பத்திரத்தில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் கருத்து. அந்தப் பத்திரம் கலைஞர்கள் கையில் அநேகமாக இல்லை.

அதனால்தான் மூத்தவர்களுக்கு ஆல்பம் என்பது இப்போது விசிட்டிங் கார்டு மாதிரி ஆகிவிட்டது. ஆல்பம் வந்தால் பேட்டி வரும், பேட்டி வந்தால் மேடை வரும், மேடையில்தான் கையில் காசு. அமெரிக்க சோல் பாடகர் சார்லஸ் பிராட்லி தன் முதல் ஆல்பத்தை 2011இல், அறுபதைத் தாண்டிய வயதில் வெளியிட்டார். அதற்குப் பிறகு 2017இல் இறக்கும் வரை ஊர் ஊராக மேடையேறினார். ஆனால் அங்கே நடுத்தர அளவு அரங்குகள் ஊருக்கு ஊர் உண்டு. இங்கே ஒன்று ஸ்டேடியம், இல்லையென்றால் கல்யாண ரிசப்ஷன். கொல்கத்தாவில் டிரிங்காஸ், பார்க் ஹோட்டலின் சம்ப்ளேஸ் எல்ஸ் என்று விரல் விட்டு எண்ணும் இடங்கள். சென்னையில் எத்தனை என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். டிசம்பர் சீசன் சபாக்களில் டிரம் கிட்டை ஏற்ற மாட்டார்கள்.

கையெழுத்துப் போடும் முன்

நீங்கள் பாட்டுப் பாடாதவராக இருக்கலாம். டிசைன், கோட், பாட்காஸ்ட், ஸ்கிரிப்ட் என்று ஏதாவது ஒன்றைச் செய்து யாருக்கோ கொடுப்பவராக இருந்தால் இதே காப்புரிமைச் சட்டம்தான் உங்களுக்கும். அதில் சில வரிகள் ஆச்சரியப்படுத்தும் அளவுக்கு நம் பக்கம் இருக்கின்றன, யாரும் சொல்வதில்லை.

மாதச் சம்பளத்துக்கு வேலையாகச் செய்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை கம்பெனிக்குத்தான், அதை மறந்துவிடலாம். ஆனால் ஃப்ரீலான்ஸாகச் செய்து உரிமையை எழுதிக்கொடுக்கும்போது, எத்தனை வருடத்துக்கு என்று பத்திரத்தில் இல்லையென்றால் அது ஐந்து வருடம் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நாட்டுக்கு என்று இல்லையென்றால் இந்தியாவுக்கு மட்டும். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, அது காலாவதி. 2012இலிருந்து இன்னொன்று: கையெழுத்துப் போடும் நாளில் புழக்கத்திலேயே இல்லாத ஒரு தொழில்நுட்பத்துக்கு, பெயர் சொல்லி எழுதியிருந்தால் ஒழிய, அந்தப் பத்திரம் செல்லாது.

அதனால்தான் இப்போது வரும் கான்ட்ராக்டுகளில் 'உலகம் முழுவதும், நிரந்தரமாக, இன்று உள்ள மற்றும் இனி வரப்போகும் எல்லா வடிவங்களிலும்' என்று ஒரு நீளமான வரி இருக்கும். வக்கீல் அலங்காரத்துக்குப் போட்டது இல்லை அது. மேலே சொன்ன பாதுகாப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவதற்காகவே வைத்தது. குரல் கொடுப்பவராக இருந்தால் அதில் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி என்ற வார்த்தையும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு வரியை அடித்துவிட்டு, 'இந்தியா, ஐந்து வருடம்' என்று எழுதித் திருப்பி அனுப்பிக் கேட்கலாம். சிலர் மறுப்பார்கள். சிலர் பேரம் பேசுவார்கள்.